கௌரிக்காப்பும் ஒன்பதாவது இன்னிங்ஸும்

கோயிலில் யாராவது "மகன் என்ன செய்யிறார்?" என்று கேட்டால், பதிலின் முதல் பாதியை ஞானாம்பிகை தலை நிமிர்ந்து சொல்லுவார். நிதுசன் மொன்ட்ரியாலில் நகரப் பேருந்து ஓட்டுகிறான். நிரந்தர வேலை. லாசாலில் சொந்தமாக ஒரு மாடிவீடு வாங்கிவிட்டான். மருமகள் வித்தியா ஆஸ்பத்திரியில் தாதி. இதுவரைக்கும் குரல் கணீரென்று வரும். கேட்டவர் இதோடு விட்டுவிட்டால் நல்லது. ஆனால் நம்மவர்கள் எங்கே விடுகிறார்கள்?

"இன்னும் அந்தப் பந்தெறிஞ்சுகொண்டுதான் திரியிறாரோ?"

இந்தக் கேள்வியைக் கேட்பதில் நிர்வாகசபை மகேந்திரராசாவை மிஞ்ச ஆள் கிடையாது. அவருடைய மூத்தவன் பல் வைத்தியன், இளையவன் கணக்காளன். இரண்டு பேரும் பணக்காரர் குடியிருக்கிற கர்க்லாண்டில் பக்கத்துப் பக்கத்து வீடு. ஊரில் எவருடைய பிள்ளை என்ன படிக்கிறது, எங்கே இடறியது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம்.

"ஓம் அண்ணை. கோடையில மட்டும்," என்பார் ஞானாம்பிகை.

"சம்பளம் தாறவையோ?"

"இல்லை அண்ணை."

"முப்பத்திநாலு வயசு. சம்பளமும் இல்லை. அப்ப ஏன் பிள்ளை?"

ஞானாம்பிகை செருப்பைத் தேடுகிற சாட்டில் குனிந்துவிடுவார். மகன் பேஸ்போல் ஆடுகிறான் என்பது அவருக்கு ஒரு வியாதியைப் போலப் பட்டது. மறைக்கவும் ஏலாது, சொல்லவும் ஏலாது.

இந்த வியாதி தொற்றியதில் அவருக்கும் பங்கு உண்டு. இல்லையென்று அவர் சொன்னாலும் நாங்கள் நம்பப் போவதில்லை.

நிதுசன் பிறவியிலேயே இடக்கைக்காரன். பால் போத்திலை இடக்கையால் பிடித்தான். சோற்றுக் கோப்பைக்குள் இடக்கையை விட்டான். கோயிலில் ஐயர் விபூதி கொடுத்தால் இடக்கையை நீட்டினான். சும்மா பார்த்துக்கொண்டிருக்கிற தாய் எங்கள் சாதிசனத்தில் எங்கேயாவது உண்டா? ஞானாம்பிகை அந்தக் கையைத் தட்டி மறைத்து வலக்கையை முன்னுக்கு இழுத்தார். சோறு வலக்கை, விபூதி வலக்கை, கொப்பி எழுத்து வலக்கை என்று வீட்டில் சட்டம் போட்டார். பள்ளிக்கூடத்தில் அந்தச் சட்டம் செல்லாது. அதனால் பையன் தமிழை வலக்கையாலும் பிரெஞ்சை இடக்கையாலும் எழுதி வளர்ந்தான். இரண்டு கையெழுத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டு வேறு பிள்ளைகள் எழுதியது போலிருக்கும்.

பத்து வயதில் அவனைப் பூங்காவுக்குக் கூட்டிப்போனவர் தகப்பன் சிவராசா. டாக்ஸி ஓடுகிற மனிதர், கிரிக்கெட் பைத்தியம். கிரிக்கெட் பழக்கத்தான் ஆசை. ஆனால் அடுக்குமாடிக்கு எதிரே இருந்த திடலில் பேஸ்போல்தான் ஆடினார்கள். பந்தும் மட்டையும் இருக்கிறது, பெயரில் என்ன இருக்கிறது என்று மனிதர் சமாதானம் பண்ணிக்கொண்டார். பெயர் பதிந்த பெண் பிள்ளை, பையன் வலக்கையா இடக்கையா என்று கேட்டாள். கூடப் போயிருந்த ஞானாம்பிகை முந்திக்கொண்டு, வலக்கை என்றார். தான் நன்றாக வளர்த்த பிள்ளை என்ற பெருமை அந்தப் பதிலில் வழிந்தது.

அந்தப் பெருமையால் பையனுக்கு வந்த வினை, வலக்கையால் எறிபவனுக்கு உரிய கையுறை. அதை இடக்கையில் மாட்டிக்கொண்டு வலக்கையால் எறிந்தான். இரண்டு கோடை போயிற்று. அவன் எறிந்த பந்து போக வேண்டிய இடத்துக்கு ஒருநாளும் போனதில்லை. வாங்குப்பலகையில் உட்கார்ந்து மற்றவர்களுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தான். மட்டை பிடித்தாலும் சிரிப்புத்தான். தகப்பன் சொல்லிக் கொடுத்த கிரிக்கெட் பழக்கத்தில், பந்தை அடித்துவிட்டு மட்டையையும் தூக்கிக்கொண்டு ஓடுவான். முழுத் திடலும் வயிற்றைப் பிடித்துக்கொள்ளும்.

அப்படிச் சிரித்த ஒரு மாலையில் பையனுக்குக் கோபம் வந்தது. கையுறையைக் கழற்றி வீசினான். நிலத்தில் கிடந்த பந்தை அள்ளி, எந்தக் கை என்று யோசிக்காமல், எறிந்தான். பந்து திடலைக் கடந்து, பின்வேலியின் கம்பிவலையில் போய்ச் சிக்கி நின்றது. சிரிப்பு நின்றுவிட்டது. பயிற்றுநர் வேலிவரை நடந்துபோய்ப் பந்தைப் பிடுங்கிக்கொண்டு திரும்பி வந்து, "இன்னொருக்கா எறி" என்றார். எறிந்தான். அன்றைக்கே கையுறை மாறியது.

"ஊர் பாக்க இடக்கையால எறியிறியோ?" என்று வீட்டில் ஞானாம்பிகை சத்தம் போட்டார்.

"எறியட்டும், விடும். சாப்பாட்டையோ எறியிறான்?" என்றார் சிவராசா. அந்த மனிதர் வாழ்க்கையில் மகனுக்காக வாதாடியது அந்த ஒருமுறைதான். அது போதுமாக இருந்தது.

அதன்பிறகு நடந்ததை லாசாலில் பேஸ்போல் பார்க்கிற எந்தக் கிழவனைக் கேட்டாலும் சொல்லுவான். பதினெட்டு வயதில் பெரியவர்களின் அணிக்குள் வந்தான். அவனை விட வேகமாக எறிகிறவர்கள் இருந்தார்கள். ஆனால் அவனுடைய மெதுப்பந்துக்குப் பெயர் இருந்தது. இதோ வந்துவிட்டேன் என்று பொய் சொல்லிக்கொண்டு வந்து, மட்டைக்குக் கிட்டவாகப் படியிறங்குவது போல ஒரு இறக்கம் இறங்கும். அடிப்பவன் காற்றை அடித்துவிட்டு ஒரு சுற்றுச் சுற்றி நிற்பான். அணியில் பந்து பிடிக்கிற மார்க்-ஆந்த்ரே, கதவளவு உடம்புள்ள மனிதன், அந்தப் பந்துக்கு "பெல்-மேர்" என்று பெயர் வைத்திருந்தான். பிரெஞ்சில் மாமியார். எப்போது வரும் என்று தெரியாது, வந்தால் தலை குனிய வேண்டியதுதான் என்று விளக்கமும் சொன்னான்.

பதினாறு கோடை அந்த அணிக்கு எறிந்தான். மூன்று தடவை இறுதியாட்டம் வரைக்கும் இழுத்துக்கொண்டு போனான். மூன்று தடவையும் கோப்பை கைக்கெட்டி வாய்க்கெட்டாமல் போயிற்று. இந்த வருடம் தோள்மூட்டு முறையிடத் தொடங்கியது. பேருந்தின் ஸ்டியரிங் வளையத்தைத் திருப்பவே நோகிறது என்றதும் வைத்தியர் கையை விரித்துவிட்டார். இந்தக் கோடையோடு எறிவது நிற்க வேண்டும். அணி நாலாவது தடவையாக இறுதியாட்டத்துக்கு வந்தது அந்தக் கோடையில்தான். நிதுசனுக்குக் கோப்பை கிடைப்பதென்றால் அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையில்தான் கிடைக்க வேண்டும்.

அதற்குள் போவதற்கு முதல் இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். மகேந்திரராசா கேட்கிற "ஏன் பிள்ளை"க்கு அதில் பாதிப் பதில் இருக்கிறது.

சனிக்கிழமை காலைகளில் நிதுசன் அதே திடலில் ஒரு கூட்டத்தைச் சேர்த்து வைத்திருந்தான். புதிதாக வந்தவர்கள், மொழி பிடிபடாதவர்கள், வேலை வீடு வேலை என்று சுருங்கிப்போனவர்கள். யாழ்ப்பாணத்து ஆட்கள் பாதி, சென்னையிலிருந்து வந்த கணினிக்காரர்கள் மீதி. எல்லாருமே கிரிக்கெட்டில் ஊறியவர்கள். எல்லாருமே மட்டையோடுதான் ஓடினார்கள். அதிலும் மாதவன் என்ற சென்னைப் பையன் நாலு வருடமாக ஆடுகிறான், இன்றைக்கும் மட்டையை விடுகிறான் இல்லை. "ப்ரோ, கைல மட்டை இல்லாம ஓடினா டிரஸ் இல்லாம ஓடுற மாதிரி இருக்கு" என்பான். ஆட்டம் பாதி, கதை பாதி. வீட்டுக்காரர் வெப்பமூட்டியைத் திருத்துகிறார் இல்லை, பிள்ளைக்குக் கார்டெறி என்கிற பகல் காப்பகத்தில் இடமில்லை, ஆஸ்பத்திரியில் சொன்னது விளங்கவில்லை என்று ஆளுக்கொரு முறைப்பாடு வரும். நிதுசன் தன் பிரெஞ்சைத் தூக்கிக்கொண்டு அவர்களோடு போவான்.

அந்த ஏப்ரல் மாதம் பனிமழை பெய்து மரங்களெல்லாம் கண்ணாடியாகி முறிந்து, பாதி நகரத்துக்கு மின்சாரம் போனதே, அப்போது கோயில் மடப்பள்ளியில் காஸ் அடுப்பு இருந்தது. ஞானாம்பிகையும் பெண்களும் இடியப்பமும் சொதியும் செய்து குவித்தார்கள். ஆனால் நகரத்தின் வடகோடியில் மொன்ட்ரியால்-நோர் வரைக்கும், லிஃப்ட் ஓடாத கட்டிடங்களின் ஏழாம் எட்டாம் மாடிகளுக்கு யார் கொண்டுபோவது? நிதுசன் தொலைபேசி எடுத்தான். ஒரு மணித்தியாலத்தில் அவனுடைய அணி முழுவதும் கோயில் வாசலில் நின்றது. மட்டைகளைக் கொட்டிவிட்டு அந்த நீளப் பைகளுக்குள் சாப்பாட்டை அடுக்கிக்கொண்டு புறப்பட்டார்கள். இருட்டுப் படியில் கதவைத் தட்டிவிட்டு மார்க்-ஆந்த்ரே, தான் அன்று கற்ற ஒரேயொரு தமிழ்ச் சொல்லை உரத்துச் சொன்னானாம்: "இடியப்பம்!" உள்ளேயிருந்த அம்மா கதவைத் திறந்து, அவனுடைய உயரத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பச் சாத்தினாராம். பிறகு வாசம் வந்ததும் திறந்தாராம்.

அன்று ஞானாம்பிகை மகனைப் பார்த்தார். பெருமையாக இருந்தது. ஆனால் அது இடியப்பத்துக்கான பெருமை. பந்துக்கு அவர் இன்னும் ஒரு மார்க்கும் போடவில்லை. அவன் எறிவதை அவர் பார்த்து இருபது வருடமாயிற்று. பதினாலு வயதில் ஒருநாள் அடித்த பந்து திரும்பி வந்து அவன் நெஞ்சில் பட்டதை மாடி ஜன்னலால் கண்டவர், இனி அந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை என்று ஜன்னலுக்குத் திரை போட்டார். அதற்குப் பதிலாக விரதம் பிடித்தார்.

கேதாரகௌரி விரதம். ஐப்பசி அமாவாசையில் முடிகிற இருபத்தொரு நாள், ஒருநேரச் சாப்பாடு, கடைசி நாளில் ஐயர் கட்டிவிடுகிற நூல்காப்பு. பெண்களுக்கு இடக்கையில், ஆண்களுக்கு வலக்கையில். அடுத்த வருடம் புதுக்காப்புக் கட்டும்வரை பழையது கையில் இருக்க வேண்டும், இடையில் கழற்றக் கூடாது. சிவராசா ஒவ்வொரு வருடமும் தைப்பொங்கலுக்கு முன் தொலைத்துவிட்டுத் திருட்டு முழி முழிப்பார். நிதுசன் தொலைத்ததே இல்லை. வேலை முடிந்து சீருடையோடு ஓடிவந்து கட்டிக்கொள்வான். குளித்தாலும், தூங்கினாலும், எறிந்தாலும் அது அவன் கையில்தான். எறிகிற கை வேறு, காப்புக் கை வேறு என்பதில் ஞானாம்பிகைக்கு ஒரு நிம்மதி. வலக்கையை அம்மாள் பார்த்துக்கொள்வாள், இடக்கையை அவன் பார்த்துக்கொள்ளட்டும்.

பேஸ்போலில் எறிகிறவன் கையிலோ மணிக்கட்டிலோ எதையும் கட்டியிருக்கக் கூடாது என்று ஒரு சட்டம் இருப்பது அவருக்குத் தெரியாது. நிதுசனுக்குத் தெரியும். கையுறையின் வாரை மணிக்கட்டுக்கு மேலே இழுத்து மூடிக்கொண்டு பதினாறு கோடையை ஓட்டிவிட்டான். எந்த அம்பயரும் கேட்கவில்லை. அவன் அம்மாவிடமும் சொல்லவில்லை.

இறுதியாட்டத்துக்கு முதல் வெள்ளிக்கிழமை அவன் சமையலறை வாசலில் வந்து நின்றான்.

"அம்மா, ஞாயிற்றுக்கிழமைதான் கடைசி. ஒருக்கா வாங்கோவன்."

அவன் அப்படிக் கேட்டதே கிடையாது. ஞானாம்பிகை அகப்பையைக் கீழே வைத்தார். நெஞ்சு படபடக்கும், வெயில், அன்றைக்குக் கோயிலில் அபிஷேகம் என்று மூன்று சாட்டு வாயில் வந்தது. மூன்றையும் விழுங்கினார்.

"எத்தினை மணிக்கு?" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை சிவராசா டாக்ஸியில் கொண்டுவந்து இறக்கினார். ஞானாம்பிகை கத்தரிப்பூச் சேலை உடுத்தி, தலை நிறைய எண்ணெய் வைத்து, ஒரு பெரிய பை நிறைய ரோல்ஸும் கட்லட்டும் கொண்டுவந்திருந்தார். மகன் தோற்றாலும் பசியோடு தோற்கக் கூடாது என்பது எண்ணம். மாதவன் ஓடிவந்து பையை வாங்கிக்கொண்டு மரப்படிகளில் இடம் பிடித்துக் கொடுத்தான்.

"ஆன்ட்டி, நான் எல்லாம் சொல்றேன், நீங்க பாத்துக்கிட்டே இருங்க. அந்த மேட்டு மேல நிக்கிறார் பாருங்க, இன்னைக்கு எல்லாமே அவர் கையிலதான்."

மேட்டின் மேல் நிதுசன் நின்றான். வீட்டில் தோளைத் தடவிக்கொண்டு சோபாவில் சாய்கிற பையன் இல்லை இது. வலக்காலைத் தூக்கினான், ஒரு கணம் அசையாமல் நின்றான், இடக்கை பின்னால் போய்ப் புறப்பட்டது. அடிக்க நின்றவன் காற்றை அடித்தான். சுற்றியிருந்தவர்கள் "நி-து! நி-து!" என்று கத்தினார்கள். முன்வரிசையில் ஒரு வெள்ளைக்காரக் கிழவர் அவன் பெயரெழுதிய தொப்பி போட்டிருந்தார். ஞானாம்பிகை திடுக்கிட்டுப் போனார். இத்தனை பேருக்கு இவனைத் தெரியுமா? இந்தக் கிழவருக்குத் தெரிந்த என் பிள்ளையை எனக்குத் தெரியாதா?

"உவங்கள் ஏன் இவன்ர பேரைச் சொல்லிக் கத்துறாங்கள்?"

"ஆன்ட்டி, இந்த ஏரியால நிது ப்ரோ ஸ்டார்!"

எதிரே கர்க்லாண்ட் அணி. சும்மா சொல்லக் கூடாது, நன்றாக ஆடினார்கள். ஒன்பதாவது இன்னிங்ஸ் வந்தபோது லாசாலுக்கு மூன்று ஓட்டம், கர்க்லாண்டுக்கு இரண்டு. இன்னும் மூன்று பேரை வெளியேற்றினால் கோப்பை. நிதுசன் இரண்டு பேரை வெளியேற்றினான். அதற்குப் பிறகு தோள் வேலையைக் காட்டியது. ஒருவன் அடித்துவிட்டு முதலாம் பேஸ் என்கிற முதல் மூலைக்கு ஓடிப் போனான். அடுத்தவனைக் களத்தில் நின்றவர்கள் கோட்டை விட்டார்கள். மூன்றாமவனுக்கு எறிந்ததில் நாலு பந்து விலகிப் போனதால், சட்டப்படி அவன் நடந்தே பேஸுக்குப் போனான். மூன்று பேஸும் நிரம்பிவிட்டது.

"இப்ப இன்னும் ஒருத்தனை அவுட் ஆக்கினா ஜெயிச்சோம். அடி விட்டா போச்சு," என்றான் மாதவன்.

நிதுசனுக்கு வியர்வை கண்ணில் வழிந்தது. கையுறையைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு முகத்தைத் துடைத்தான். பத்து மாத வியர்வையில் கறுத்த நூல்காப்பு வெயிலில் தெரிந்தது. கர்க்லாண்ட் பயிற்றுநர் வாங்கிலிருந்து எழும்பி நேரே அம்பயரிடம் நடந்தார்.

சட்டத்தில் உள்ளதைத்தான் அவர் கேட்டார். அம்பயரும் கெட்ட மனிதர் இல்லை. மேட்டுக்கு வந்து தாழ்ந்த குரலில் பேசினார், கையைப் பார்த்தார், தலையைச் சொறிந்தார். பிறகு தோளை உயர்த்தினார். காப்பைக் கழற்ற வேண்டும், இல்லையென்றால் வேறு ஆள் எறிய வேண்டும்.

"என்னவாம்? ஏன் நிண்டுபோச்சு?" என்றார் ஞானாம்பிகை.

மாதவன் எச்சில் விழுங்கினான். "ஆன்ட்டி, கையில கட்டியிருக்காருல்ல, அந்தக் கயிறு. அது இருந்தா எறியக் கூடாதாம்."

"வேற ஆள் இருக்கோ?"

"ஒருத்தன் இருக்கான். நேத்து முழுக்க எறிஞ்சு கை வீங்கிக் கெடக்கான்."

மேட்டில் மார்க்-ஆந்த்ரே ஏதோ கெஞ்சினான். நிதுசன் தலையாட்டினான், இல்லையென்று. பந்தை அவன் கையில் வைத்துவிட்டு மேட்டிலிருந்து இறங்கினான். திடல் முழுவதும் ஓவென்று ஒரு சத்தம். அவன் அணியின் வாங்குக்குப் போகவில்லை. படிகள் இருந்த பக்கமாக, தாயை நோக்கி, வேலியடிக்கு வந்தான்.

அப்போதுதான் ஞானாம்பிகைக்கு விஷயம் உறைத்தது. பதினாறு வருடமாகக் கேட்டு நின்ற கோப்பையை இவன் விடப் போகிறான். தாய் பட்டினி கிடந்து கட்டுவித்த நூலை அறுக்க மனமில்லாமல் விடப் போகிறான். கோபமா பெருமையா என்று அவருக்கே தெரியவில்லை. சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு படிகளில் இறங்கினார். மாதவன் கட்லட் பையோடு பின்னால் ஓடினான்.

வேலி இடுப்பளவுதான். இந்தப் பக்கம் தாய், அந்தப் பக்கம் மகன். முழுத் திடலும் பார்த்தது.

"அம்மா, பரவாயில்லை. மற்றப் பெடியன் எறியட்டும். நாங்கள் பேந்து வீட்டை போவம்," என்றான் நிதுசன்.

"விரதம் பிடிச்சது ஆர்?"

"நீங்கள்."

"இருபத்தொரு நாள் பசி கிடந்தது ஆர்?"

"நீங்கள்தான் அம்மா."

"அப்ப காப்பைப் பற்றி முடிவெடுக்க நீ ஆர்? கொண்டா கையை."

அவன் வலக்கையை வேலிக்கு மேலால் நீட்டினான். ஞானாம்பிகை முடிச்சை நகத்தால் நெம்பிப் பார்த்தார். அது இறுகிக் கல்லாகியிருந்தது. மார்க்-ஆந்த்ரே மருந்துப் பெட்டியிலிருந்து கத்தரிக்கோலைக் கொண்டு ஓடிவந்தான். ஞானாம்பிகை மகனுடைய மணிக்கட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். உதடு அசைந்தது. என்ன சொன்னார் என்று அவருக்கும் அம்மாளுக்கும்தான் தெரியும். பிறகு வெட்டினார். நூலைக் கைக்குள் பொத்திக்கொண்டார்.

"அம்மாளோட நான் கதைக்கிறன். வாற ஐப்பசிக்கு இன்னும் வடிவாப் பிடிக்கிறன் எண்டு சொல்லுறன். நீ போய் எறி."

நிதுசன் நின்றான். கண் கலங்கிவிட்டது.

"போடா எண்டுறன்!"

போனான். வலக்கை மணிக்கட்டில் காப்பு இருந்த இடம் வெள்ளை வளையமாகத் தெரிந்தது. ஞானாம்பிகை படிக்குத் திரும்பவில்லை. வேலியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றார். பயமாக இருந்தது, அது உண்மை. காப்பில்லாத பிள்ளை, அத்தனை பெரிய மட்டைக்கு முன்னால் தனியே நிற்கிறான்.

முதல் பந்து நேராகப் போயிற்று. மூன்றில் ஒன்று என்று அம்பயர் கையை உயர்த்தினார். அடுத்தது விலகிற்று. அதற்கடுத்ததும் விலகிற்று. நாலாவதை அடிக்க நின்றவன் அடித்தான், பந்து கோட்டுக்கு வெளியே போய் விழுந்தது, மூன்றில் இரண்டு. ஐந்தாவது மண்ணில் குத்தியது. அதை மார்க்-ஆந்த்ரே உடம்பால் விழுந்து மறித்தான்.

"இன்னும் ஒண்ணு வெளிய போனா எல்லாரும் ஒரு பேஸ் நடப்பாங்க, சமம் ஆயிடும் ஆன்ட்டி. உள்ள போட்டு அவன் அடிக்காம விட்டா ஜெயிச்சோம்," என்றான் மாதவன். அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

ஞானாம்பிகை மூடவில்லை. மார்க்-ஆந்த்ரே விரலால் ஏதோ சைகை காட்டினான். நிதுசன் தலையாட்டினான். காலைத் தூக்கினான். தோளில் வலி ஓடியதை அவன் வாயின் கோணலில் தாய் கண்டார். இடக்கை சுழன்றது. பந்து வேகமாக வருவது போல வந்தது. அடிக்க நின்றவன் முழுப் பலத்தோடு வீசினான். மட்டை போய்ச் சேர்ந்த இடத்துக்குப் பந்து இன்னும் வந்து சேரவில்லை. அது சாவகாசமாக ஒரு படி இறங்கி, மார்க்-ஆந்த்ரேயின் கையுறைக்குள் போய் உட்கார்ந்தது.

மார்க்-ஆந்த்ரே முகமூடியைக் கழற்றி வானத்தில் எறிந்துவிட்டு மேட்டை நோக்கி ஓடினான். அணி முழுவதும் நிதுசன் மேல் விழுந்தது. "முடிஞ்சுதோ?" என்று ஞானாம்பிகை கேட்டார். மாதவன் கட்லட் பையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு குதித்தான். தொப்பிக்காரக் கிழவர் வந்து, நீங்கள் அவனுடைய தாயா என்று பிரெஞ்சில் கேட்டார். ஞானாம்பிகைக்குக் கார்டெறிச் சமையலறையில் வேலை செய்து பழகிய பிரெஞ்சு முழுவதும் மறந்துபோயிற்று. "ஓம், என்ர மகன்! நான் பெத்த மகன்!" என்றார். கிழவருக்கு நன்றாக விளங்கியது. இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள்.

அடுத்த வெள்ளிக்கிழமை பூசை முடிந்து அன்னதான மண்டபத்தில் எல்லாரும் இருந்தார்கள். கதை ஞானாம்பிகைக்கு முன்னமே அங்கே வந்து சேர்ந்திருந்தது. நம்மவர்களின் கதைக்கு விசா தேவையில்லையே. மகேந்திரராசா சாப்பாட்டுத் தட்டோடு எதிரே வந்து உட்கார்ந்தார்.

"பிள்ளை, கேள்விப்பட்டன். தம்பி கௌரிக்காப்பை இடையில கழட்டிப்போட்டாராம், ஒரு விளையாட்டுக்காக."

பக்கத்துப் பெண்கள் சாப்பிடுவதை நிறுத்தினார்கள். ஞானாம்பிகை இந்தமுறை குனியவில்லை.

"அவன் கழட்டேல்லை அண்ணை. கழட்டாமல் கோப்பையை விடத்தான் வந்தவன். நான்தான் வெட்டினனான்."

"நீரோ? அது குற்றமெல்லோ?"

"குற்றமெண்டால் எனக்கு வரட்டும். ஐயரிட்டையும் சொல்லிப்போட்டன். ஆனால் நீங்கள் அரைகுறையாக் கேள்விப்பட்டிருக்கிறியள். இருங்கோ, நான் முழுக்கச் சொல்லுறன்."

தண்ணீர்க் கோப்பைகள் நாலை இழுத்து மேசையில் சதுரமாக வைத்தார். நடுவில் ஒரு வடையை வைத்தார்.

"இந்த வடைதான் மேடு. இதில நிக்கிறான் என்ர மகன். ஒன்பதாவது இன்னிங்ஸ். எங்களுக்கு மூண்டு, அவங்களுக்கு இரண்டு. இந்தக் கோப்பையில ஒருத்தன், இதில ஒருத்தன், இதில ஒருத்தன், மூண்டு பேரும் ஓடக் காத்துக்கொண்டு நிக்கிறாங்கள். பின்னால பிடிக்கிறவன் அண்டைக்கு இடியப்பம் கொண்டு திரிஞ்ச பெடியன்தான். விளங்குதோ அண்ணை?"

மண்டபத்தின் மற்ற மேசைகளிலிருந்தும் ஆட்கள் எழும்பி வந்து சுற்றி நின்றார்கள். ஞானாம்பிகை ஒரு பந்தையும் விடவில்லை. எது உள்ளே போனது, எது விலகியது, மகனுடைய வாய் எந்தப் பக்கம் கோணியது என்று எல்லாம் சொல்லிக்கொண்டே போனார். சொல்லும்போது இடக்கையைப் பின்னால் கொண்டுபோய் எறிந்தும் காட்டினார். மகேந்திரராசாவின் சோறு ஆறி, குழம்பு படை கட்டிவிட்டது. அவர் மெதுவாகத் தட்டைத் தூக்கிக்கொண்டு எழும்பப் பார்த்தார்.

"இருங்கோ அண்ணை," என்றார் ஞானாம்பிகை. "இன்னும் ரெண்டு பந்து கிடக்கு."